ஓதற்பிரிவும் இல்லத்தார் கடனும்

தலைவன் இல்லத்தைப் பிரிந்து செல்லுதற்குரிய காரணங்களை எண்ணப் புகுந்த தொல்காப்பியர், அகத்திணையியலில், பகையையும் தூதையும் கூறுவதற்கு முன்னே ஓதலை வைத்தார். வாளெடுத்துச் செல்வோனும் ஏடெடுத்துச் செல்வோனும் வீட்டிலிருப்போர்க்கு ஏறக்குறைய ஒரு தன்மைத்தான வருத்தத்தையே விட்டுச் செல்கின்றனர் என்பது அவர் திருவுள்ளம் போலும். அவ்வளவில் நில்லாது, கற்பியலில் ஓதற்பிரிவுக்கு மூன்றியாண்டு என எல்லையும் வகுத்தார். முந்நீர் வழக்கம் பற்றிய நூற்பாவொன்றும் உண்டு. கடல் கடந்து செல்வோன் மனைவியை உடன்கொண்டு செல்லுதல் இல்லை என்று அதற்குப் பொருள் கொள்வர் சிலர். முந்நீர் என்பதற்கு வேறு பொருள் கூறுவாரும் உளர். அவ்வழக்கினை ஈண்டு விரித்தல் வேண்டா. இந்நூற்பாக்களைச் சிறப்பு வகுப்பில் பாடங்கேட்ட அன்று யாம் பெருமூச்செறிந்தோம் என்பதை மட்டும் கூறிவிடுகின்றோம். எம் தமையனார் பொறிநூல் கற்பதற்கு ஜெர்மனி தேசஞ் சென்று அப்பொழுது ஓராண்டு கழிந்திருந்தது.

அகப்பாட்டுக்களைக் கற்பார் ஒன்று கண்டிருப்பர். பிரிந்து சென்றவன் சுரத்திலே பட்ட பாட்டினைவிட, வீட்டிலிருந்தோர் என் செய்தனர், என் நினைந்தனர், யாரிடம் என் சொல்லினர் என்பவற்றையே அவை மிகுதியாகப் பேசும். நாமோ இக்காலத்தில் அயல்நாட்டுக் கல்வி குறித்து எழுதுங்கால், செல்வோனுக்கே அறிவுரைகளை அடுக்குகின்றோம். எந்தக் கலாசாலை, எந்தத் தேர்வு, எத்துணைக் கம்பளியுடை என்று கூறி முடித்துவிடுகின்றோம். இல்லத்தார்க்கு ஒரு சொல்லும் இல்லை. அக்குறையை நோக்கியே இச்சிறு கட்டுரை எழுதப்படுகின்றது.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. எம் மாவட்டமாகிய கள்ளக்குறிச்சி, 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் விழுப்புர மாவட்டத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன்கண் தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ளது திருக்கோவலூர். பாரி இறந்தபின் அவன் மகளிரைக் கபிலர் அழைத்துவந்த ஊர் என்றும், ஆற்றின் நடுவேயுள்ள குன்றின்மேல் அவர் உயிர் நீத்தார் என்றும் தமிழ் கற்றார் அவ்வூரைப் போற்றுவர். ஆயின் 1910-ஆம் ஆண்டில் அவ்வூருக்கு இரயிலில் வந்திறங்கிய மற்றொருவரை அவருட் பலர் அறியார். கும்பகோணத்தினின்று வந்த அவ்விளைஞர் இருபத்திரண்டு வயதளவினர்; கலாசாலைத் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றவர்; 1909-இல் மணமாகியும் ஊதியம் இல்லாதவர். அந்நாளில் தென்னார்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். இந்தியக் கணித சங்கத்தை 1907-இல் தோற்றுவித்தவரும் அவரே. இளைஞர் அவரிடம் வேண்டியது தாலுகாக் கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை. கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை ஐயர் வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் வேலை கொடுக்க மறுத்துவிட்டார்! இத்தகைய அறிவைக் கச்சேரிக் காகிதத்துள் புதைத்தல் தகாது என்று கருதிச் சென்னையிலுள்ள தம் நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அவ்விளைஞரே ஸ்ரீநிவாச இராமாநுஜன் ஆவார். நான்காண்டு கழித்து அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறுதற்கு நம் திருக்கோவலூரும் ஒரு படியாயிற்று என்பதில் எமக்குச் சிறிது செருக்கு உண்டு.

இராமாநுஜனுடைய கணிதத்தைப் பற்றிக் கூற யாம் வல்லேம் அல்லேம். அவருடைய இல்லத்தாரைப் பற்றியே ஈண்டுப் பேச்சு. தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்துப் புடைவைக் கடையொன்றில் கணக்கெழுதியவர். அன்னையார் கோமளத்தம்மாள் கோயிலிற் பாடியும், பிற மாணவர்க்கு வீட்டில் உணவிட்டும் குடும்பத்தைத் தாங்கியவர். மகன் கணக்கில் மூழ்கியிருக்கும்போது வேளைதோறும் உணவை முன்வைத்துக் காத்தவரும் அவரே. ஹார்டி என்னும் பேராசிரியர் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தபொழுது, கடல் கடத்தல் குலவழக்கத்துக்கு மாறென்று முதலில் தடை எழுந்தது. பின்னர், தம் மகன் வெள்ளையர் நடுவே அமர்ந்திருப்பதாகவும், நாமகிரித் தாயார் தடை செய்யற்க எனக் கட்டளையிட்டதாகவும் அன்னையார் கனவு கண்டு இசைந்தார் என்பர். கனவின் உண்மையை யாம் ஆராயப் போவதில்லை. ஊராரும் உறவினரும் பழிப்பர் என்று அறிந்தும் ஒரு தாய் இசைந்தாள் என்பதே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

பணவகையில் அக்குடும்பத்துக்கு நல்லதோர் ஏற்பாடு அமைந்தது. சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கிற்று. அதனுள் ஏறக்குறைய 50 பவுன், அஃதாவது திங்களொன்றுக்கு 60 ரூபாய், ஊரிலுள்ள குடும்பத்துக்கே சேருமாறு முன்னரே வகை செய்யப்பட்டது. ஆகவே சீமையிலிருந்த மகன், வீட்டில் அடுப்பெரிகின்றதோ என்று கலங்க வேண்டியதில்லை. வீட்டாரும் அவனை வருத்த வேண்டியதில்லை. இக்காலத்துப் பெற்றோர் இதனைக் கருதிப் பார்த்தல் நன்று. பிள்ளையின் செலவு இன்னது, வீட்டின் செலவு இன்னது, இரண்டும் எங்கிருந்து வரும் என்பதைப் புறப்படுமுன்னே எழுதி வைத்துவிட்டால், பின்னர்ப் பேசுதற்கு வேறு நல்ல செய்திகள் கிடைக்கும்.

1914-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள் கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது. குடுமி களைந்து ஐரோப்பிய உடை தரித்த கோலத்தைக் கண்டால் வருந்துவரென்று, அன்னையாரையும் மனைவியாரையும் சில நாள் முன்னரே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டனர். மனைவியாராகிய ஜானகி அம்மாளுக்கு அப்பொழுது ஏறக்குறையப் பதினைந்து வயது. தாமும் உடன்வர விரும்பியதாகவும், கணவர் அதற்கு இசையவில்லை எனவும் அவர் பிற்காலத்திற் கூறினார். எனவே துறைமுகத்தில் வழியனுப்ப நின்றோர் நண்பரும் பெரியோருமேயன்றி வீட்டார் அல்லர். அன்று யாவரும் நன்மை கருதியே செய்தனர். ஆயினும், வருத்தம் தரும் என்று கருதியதை ஒருவர் கண்ணினின்று மறைத்துவிடுதல் என்னும் பழக்கம் அக்குடும்பத்தில் அன்றே தொடங்கிற்று என்று எமக்குத் தோன்றுகின்றது. அதன் விளைவு பின்னர்க் கூறப்படும்.

சீமையில் அவருடைய முதற்பகை குளிரும் உணவுமே. ஊன் உண்ணா நோன்பை இறுதிவரை விடாத அவர், கலாசாலை உணவுச்சாலையை நீக்கித் தம் அறையில் தாமே சமைத்துண்டார். ஊரினின்று சமையற்பொருள்கள் தபாற்பார்சலிற் போயின. 1914 ஆகஸ்டில் உலகப்போர் மூண்டபின் அவற்றின் வரவும் நிச்சயமற்றதாயிற்று. குளிரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அக்காலத்தில் அங்கே கற்றுக்கொண்டிருந்த பி. சி. மகலனோபிஸ் ஒருநாள் அவரைக் காணச் சென்றபொழுது, இரவில் மேற்சட்டையோடு சால்வையும் போர்த்து உறங்கியும் குளிர் தாங்கவில்லை என்றாராம். மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் யாவும் அதன்மேல் விரித்துச் செருகப்பட்டிருந்தன; அவற்றின் உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமாநுஜனுக்குத் தெரியவில்லை! கம்பளிக்குப் பஞ்சமில்லை, சொல்லிக் கொடுப்பாரே இல்லை. பேரெண்களின் உள்ளத்தை அறிந்தவர்க்குப் படுக்கையின் உள்ளே புகும் வகையைக் கூற ஒருவர் வேண்டியிருந்தது. இதனைப் படித்துச் சிரித்தோம். சிரித்தபின், எம் தமையனார் முதற்றிங்களில் எதனையெல்லாம் கேட்க நாணி விட்டிருப்பாரோ என்று எண்ணினோம்.

இனி, கடிதங்களின் செய்திக்கு வருவோம். தொடக்கத்தில் இராமாநுஜன் வீட்டுக்குத் திங்கள்தோறும் சிலமுறை எழுதினார். நாளடைவில் அக்கடிதங்கள் அருகின. 1917-இல் ஏறக்குறைய நின்றே போயின. அவ்வாண்டில்தான் அவர் நோயுற்று மருத்துவ விடுதி புகுந்தார். காரணம் யாது? ஜானகி அம்மாள் முதுமையிற் கூறிய செய்தி இது: கணவர்க்குத் தாம் எழுதிய கடிதங்களை மாமியார் போகவிடவில்லை, அவர் தமக்கு எழுதியவையும் தம் கைக்கு வரவில்லை, உணவுப்பொருள் கட்டியனுப்பும் பார்சலுக்குள் ஒருமுறை ஒரு சீட்டினை மறைத்து வைத்தார், அதுவும் கண்டெடுக்கப்பட்டுவிட்டது. பின்னர் அவர் தம் பிறந்தகத்துக்குச் சென்று, கராச்சியிலிருந்த தமையனாரிடம் தங்கியிருந்த காலத்திற்றான் கணவர்க்குத் தடையின்றி எழுத முடிந்தது. அங்கே இராமாநுஜன், மனைவி ஏன் எழுதவில்லை என்று எண்ணினார்; இங்கே மனைவி, கணவர் ஏன் எழுதவில்லை என்று எண்ணினார். இருவர்க்குமிடையே பார்சல் மட்டும் போய்வந்தது. புளி போயிற்று, சொல் போகவில்லை.

வீட்டில் மனத்தாங்கல் உண்டென்பது, நாள்தோறும் உடனிருந்த ஹார்டிக்கே நெடுங்காலம் தெரியாதிருந்தது. நோயும் போரும் குளிரும் தனிமையும் ஒன்றுகூட, 1918-இன் தொடக்கத்தில் அப்பெரியார் இலண்டனில் தம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்தார், நல்வினையாற் பிழைத்தார். அவ்வாண்டு மே மாதத்தில் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும், அக்டோபரில் டிரினிட்டிக் கலாசாலையின் பெல்லோ ஆனவரும் இதே மனிதரே. புகழ் வருவதனால் மனநோவு நீங்கிவிடும் என்று கருதுவார் இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பாராக. 1919-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் பம்பாயில் கப்பலினின்று இறங்கியபொழுது எதிர்கொள்ள வந்தோர் அன்னையாரும் தம்பியும். அவர் முதலிற் கேட்டது மனைவியை என்பர். மனைவியார் வந்திலர். பின்னரே தம்பி எழுதிய கடிதத்தால் ஜானகி அம்மாள் செய்தியறிந்து சென்னையிற் கணவரை அடைந்தார். இருவரும் உடனுறைந்தது ஏறக்குறைய ஓராண்டே. 1920 ஏப்ரல் 26-இல், முப்பத்திரண்டாம் வயதில், சேத்துப்பட்டில் அவர் உயிர் நீத்தார். நீ என்னுடன் வந்திருந்தால் எனக்கு இந்நோய் வந்திராது என்று அக்கடைசி நாள்களில் அவர் கூறியதை அம்மையார் நினைவு கூர்ந்தார். 1994 வரை வாழ்ந்த அவர், திருவல்லிக்கேணியில் தையற்றொழில் செய்து பிழைத்துப் பிள்ளையொன்றையும் எடுத்து வளர்த்தார்.

கோமளத்தம்மாளை இழித்துரைத்தல் எம் நோக்கமன்று. அவர் இல்லையேல் இராமாநுஜன் இல்லை. தம் மகனுக்குத் தம்மினும் நெருங்கியவர் பிறர் இருத்தலாகாது என்ற எண்ணம் தாய்மார் பலர்க்கும் உண்டு, தந்தையர்க்கும் இல்லாமலில்லை. தொலைவில் உள்ள பிள்ளையிடத்து அவ்வெண்ணம் கூர்மையடைகின்றது. ஏனெனில் அவனிடம் செல்லும் வழி ஒன்றே. அவ்வழியில் யார் அமர்கின்றாரோ அவரே வாயில் காவலர். அன்பினால் அமர்ந்தாலும் காவலர் காவலரே. அயல்நாட்டில் கற்கும் பிள்ளைக்கு இல்லத்தார் செய்யும் துணைகளுள் பணமும் பண்டமும் ஒருபக்கம் நிற்க, அச்சொல்வழியை வீட்டிலுள்ளார் யாவர்க்கும் திறந்து வைத்தலே தலையாயது என்று யாம் துணிந்து கூறுவோம். இத்துணிவு நூலறிவால் மட்டும் வந்ததன்று.

எம் வீடு கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு அணித்தே உள்ள சிற்றூரில் இருக்கின்றது. தந்தையார் கரும்பு பயிரிடுபவர். தமையனார் 2023-ஆம் ஆண்டு ஐப்பசியிற் புறப்பட்டார். ஜெர்மனியிற் பெரும்பாலான அரசினர் கலாசாலைகளிற் சம்பளம் இல்லை. இருப்பினும் ஓராண்டு உணவுக்கும் உறைவுக்கும் வேண்டிய தொகையை முன்னரே பூட்டுக்கணக்கில் இட்டுக் காட்டினாலொழிய விசா கிடையாது. அவர் சென்றபொழுது அத்தொகை 11,208 யூரோ; 2024 செப்டம்பர் முதல் 11,904 ஆயிற்று. திங்கள்தோறும் பன்னிரண்டிலொரு பங்கே எடுக்கலாம். இத்தொகைக்கும் பிறவற்றுக்குமாகக் கல்விக்கடன் பெற்றோம். ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குப் பாங்கிகள் பெரும்பாலும் நிலம் அல்லது மனையை ஈடு கேட்கும். எம் கரும்புக்காடு ஈடாயிற்று. கற்குங்காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டா. ஆயினும் வட்டி மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கையிற் பொருளுள்ளோர் அவ்வட்டியை அவ்வப்போது கட்டிவருவாராயின், பிள்ளை மீளுங்கால் அவன் தோளில் ஏறும் சுமை பெரிதும் குறையும். பழங்குடியினரும் ஆதிதிராவிடரும் அயல்நாட்டிற் கற்றற்கு மத்திய அரசும் தமிழ்நாட்டரசும் தனித்தனியே உதவித்தொகை வழங்குகின்றன. எம் மலைவாழ் மலையாளி மக்களுட் பலர்க்கு இது தெரியாது, தெரிந்தோர் தெரிவிப்பாராக.

பணத்தின் செய்தி இவ்வளவே. அது அடைந்தது. அடையாதது வேறு.

2024-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தந்தையார் வெள்ளிமலையினின்று திரும்பும் வழியில் வளைவொன்றில் மோட்டார் சைக்கிள் சறுக்கி வீழ்ந்து, வலக்கால் எலும்பு முறிந்தது. அறுவை செய்து தகடு வைத்தனர். தமையனார்க்கு அடுத்த திங்களில் தேர்வு. அவரிடம் சொல்லலாகாது என்று அன்னையாரும் சிற்றப்பாவும் முடிவு செய்தனர். ‘அங்கிருந்து என்ன செய்யப் போகிறான்? படிப்புத்தான் கெடும்’ என்றனர். கைபேசியிற் பேசுங்கால் தந்தையார் காட்டுக்குப் போயிருக்கிறார், ஆலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லும் பணி எமக்கு வாய்த்தது. ஐந்து வாரம் பொய் சொன்னோம். நாளொன்றுக்கு ஒரு பொய் வேண்டியிருந்தது. ஒன்றோடொன்று முரணாதபடி அவற்றை நினைவில் வைத்தல் யாப்பிலக்கணத்தினும் கடினமாயிருந்தது. ஆறாம் வாரத்தில் உறவினர் ஒருவர், அப்பாவுக்கு இப்பொழுது கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டார். அதன்பின் மூன்று வாரம் தமையனார் எங்கள் அழைப்பை எடுக்கவில்லை.

அம்மூன்று வாரமும் வீட்டில் விளக்கெரிந்தும் இருளாயிருந்தது. யாங்கள் காத்த அவருடைய தேர்வும் காக்கப்படவில்லை. அவர் அத்தேர்வுகளுள் இரண்டில் முன்னரே ஒருமுறை தோற்றிருந்தார். அதனை அவர் எங்களுக்கு மறைத்திருந்தார்! அங்கே சில பாடங்களை மூன்று முறைக்குமேல் எழுதவிடார். அந்த அச்சம் அவரை உறங்கவொட்டாது அலைத்துக்கொண்டிருந்தது. வீட்டில் ஈடு வைத்த நிலத்தை எண்ணி அவர் சொல்லவில்லை. அவர் தேர்வை எண்ணி யாங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கைபேசித் திரையில் முகம் பார்த்து, நன்றாயிருக்கிறோம், நன்றாயிருக்கிறேன் என்று இருதிறத்தாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். கும்பகோணத்துக் கடிதங்கள் தடுக்கப்பட்டன. எங்களுடையவை தடையின்றிச் சென்றும் உள்ளே ஒன்றுமில்லாத உறைகளாயிருந்தன. இவ்விரண்டற்கும் வேற்றுமை பெரிதன்று.

இம்முடிச்சினை அவிழ்த்தவர் எங்கள் ஆயா. பாட்டியை எங்கள் பக்கத்தில் ஆயா என்றே அழைப்போம். எழுத்தறியாதவர். அதுவரை அழைப்பு வருங்கால் அன்னையார் கைபேசியைப் பிடித்திருக்க, ஆயா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, ‘சாப்பிட்டியா ராசா?’ என்று ஒரு சொற் கேட்பார். அவர் விடை கூறுமுன் வேறொருவர் பேசத் தொடங்குவர். ஒருநாள் அவர் எம்மை அழைத்து, அண்ணனைக் கூப்பிடு என்றார். எடுக்கமாட்டார் என்றோம். ‘நான் கூப்பிடுறேன்னு எழுதிப் போடு’ என்றார். எழுதினோம். சிறிது பொழுதில் மணி அடித்தது. கைபேசியை வாங்கிய ஆயா, ‘எல்லாரும் கொஞ்சம் வெளியே போங்க, என் பேரங்கிட்ட நான் பேசணும்’ என்றார். அன்னையாரும் வெளியேறினார், தந்தையாரும் ஊன்றுகோலோடு திண்ணைக்கு வந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கதவு திறக்கவில்லை. என்ன பேசினர் என்பதை ஆயா இன்றுவரை முழுதும் கூறவில்லை. தேர்வில் தோற்ற செய்தியைத் தமையனார் அன்று முதன்முதல் வெளியிட்டது அவரிடந்தான் என்பதும், அதைத் தாம் சொல்லாமல், ‘உன் அப்பங்கிட்ட நீயே சொல்லிடு’ என்று ஆயா கூறினார் என்பதும் மட்டும் தெரியும். இரண்டு நாள் கழித்துத் தமையனார் தந்தையாரைத் தனியே அழைத்துச் சொன்னார். தந்தையார் சினப்பார் என்று யாவரும் அஞ்சினோம். அவரோ, மூன்றாமுறைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். பின்னர், காலில் வைத்த தகட்டைப் பற்றித் தாமே விரிவாகக் கூறினார். சட்டையைத் தைப்பது போலத் தைத்துவிட்டார்கள் என்று அவர் சொல்லச் சிரிப்பொலி கேட்டது.

நிற்க. அயல்நாடு என்பது கடலுக்கு அப்பாலே இருக்க வேண்டும் என்பதில்லை. எம் விடுதியில் உடனுறையும் நண்பரொருவர் கல்வராயன் மலைமேலுள்ள சிற்றூரினர். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்த அம்மலையில், அவருடைய குடும்பத்திற் கலாசாலை மிதித்தவர் இவரே முதல்வர். அவர் வீட்டில் கைபேசி உண்டு, அலைதான் இல்லை. ஆதலின் புதன்கிழமைதோறும் மாலையில் அவர் தந்தையார் ஊருக்கு மேலேயுள்ள ஒரு பாறைக்கு ஏறிச் சென்று, அலை கிடைக்குமிடத்தில் நின்றுகொண்டு அழைப்பார். மழையாயினும் வருவார். சில வாரம் தாயாரும் உடன் ஏறுவார். பேச்சு மரவள்ளி தோண்டியதும், சாமை அடித்ததும், ஆடு ஈன்றதுமாய் இருக்கும். படிப்பைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் கேட்கத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, பேசி முடித்தபின் நண்பரின் முகம் தெளிந்திருக்கும். எம் வீட்டில் ஒவ்வோர் அழைப்பும் மதிப்பெண்ணிலே தொடங்கி வேலையிலே முடிந்துகொண்டிருந்தது என்பதை அப்பாறைப் பேச்சினைக் கேட்டபின்னரே உணர்ந்தோம்.

2022 பிப்ரவரி 24-இல் உக்ரேனிற் போர் மூண்டபொழுது, அங்கே மருத்துவங் கற்ற நம் தமிழ்ப் பிள்ளைகள் நிலவறைகளிற் பதுங்கியிருக்க, இங்கே பெற்றோர் இரவெல்லாம் கைபேசியும் கையுமாய் இருந்தனர். 1914-இன் போரில் ஒரு கடிதத்துக்கு வாரக்கணக்கிற் காத்திருந்தோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. கருவி இத்துணை வளர்ந்துளது. ஆயினும் பேச்சைத் தொடங்குவது எப்படி என்பது அன்றுபோலவே இன்றும் அரிதாயிருக்கின்றது. இன்னுமொன்று: நாள்தோறும் அழைத்துத் துளைத்தலும் துணையாகாது. அயலூரில் நட்பு உண்டாவதற்கு மாலைப்பொழுது வேண்டும். அப்பொழுதையும் வீட்டாரே உண்டுவிட்டால், கம்பளிக்குள் படுக்கும் வகையைச் சொல்லிக்கொடுக்க ஒரு மகலனோபிஸ் எங்ஙனம் வாய்ப்பார்?

எம் வீட்டில் இப்பொழுது ஒரு முறை ஏற்பட்டுளது. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு அழைப்பு. குளிர்காலத்தில் அங்கே அப்பொழுது மாலை நான்கு மணி, கோடையில் ஐந்து. கைபேசி ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்குச் செல்லும். வாங்கியவர் விரும்பினால் திண்ணைக்கோ கொல்லைக்கோ எடுத்துச் செல்வார். அவர் பேசுவதைப் பிறர் கேளார். மருத்துவச் செய்தியாயினும் பணச் செய்தியாயினும் அன்றே சொல்லப்படும். தமையனார் இரண்டு பாடங்களுள் ஒன்றில் தேறிவிட்டார், மற்றொன்று எழுதவேண்டியிருக்கின்றது. தந்தையார் கரும்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசக் கற்றுக்கொண்டார். ஆயாவின் முறையே யாவரினும் நெடியது. எம்முடையது இறுதியில் வரும். அப்பொழுது பெரும்பாலும் தமையனார் அடுப்பருகே நின்று சமைத்துக்கொண்டிருப்பார். சட்டியில் வெங்காயம் வதங்கும் ஓசை எமக்குக் கேட்கும்.